காவின் எழுதும்போது மணமகள் எங்கே?

அன்புள்ள ராத்தா, வாற மாதம் எனக்கு நிக்காஹ். காவின் என்கிற திருமணப் பதிவில் மாப்பிள்ளையும் வாப்பாவும் கையெழுத்து வைத்தால் போதுமாம், நான் வைக்கத் தேவையில்லையாம். ஏன் என்று கேட்டேன். "மார்க்கத்தைக் கேள்வி கேட்காதே" என்று பெரியப்பா அதட்டினார். நான் கேட்டது பிழையா?
- வாசகி, சோனகத் தெரு

தங்கச்சி, பிழையே இல்லை. பெரியப்பா மார்க்கம் என்று சொன்னது இலங்கையின் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தை. அது பாராளுமன்றத்தில் நிறைவேற்றியது, இறைவனிடமிருந்து வஹியாய் இறங்கவில்லை. பெண் கையெழுத்து வைக்கக்கூடாது என்று குர்ஆனின் எந்த ஆயத்தும் சொல்லவில்லை.

கன்ஸா பின்த் கிதாம் என்ற ஸஹாபிப் பெண்ணை (நபித்தோழியை) அவருடைய வாப்பா விருப்பமில்லாமல் கட்டிக்கொடுத்தார், அவர் நேரே நபியவர்களிடம் போய் முறையிட்டார், நிக்காஹ் ரத்தானது. புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அவர் ஏற்கெனவே மணமானவர், கன்னிக்கு இது பொருந்தாது என்று ஹஸரத்மார் (மார்க்கம் படித்தவர்கள்) உடனே சொல்வார்கள். சரி, கன்னியிடமும் சம்மதம் கேட்க வேண்டும், அவள் மௌனமே சம்மதம் என்ற ஹதீஸும் அதே புகாரியில்தானே? நம்மவர்கள் மௌனத்தைப் பிடித்துக்கொண்டு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

இந்தச் சட்டப்படி காதியாராக, அதாவது முஸ்லிம் விவாக வழக்குகளின் நீதிபதியாக, ஆண்தான் வரலாம். புருஷன் காரணம் சொல்லாமல் தலாக் சொல்லலாம், பெண் பஸஹ் என்கிற விவாகரத்தைக் கேட்டால் காரணத்தை நிரூபிக்க வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளையைக்கூட காதியின் அனுமதியோடு கட்டிக்கொடுக்க அதில் வழி வைத்திருக்கிறார்கள், எனக்கு அங்கேதான் வயிறு எரிகிறது. திருத்தம் பற்றி ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள், அறிக்கை வர 2018 ஆகிவிட்டது.

எல்லாப் பழியையும் சட்டத்தின் தலையில் போட்டுத் தப்பவும் மாட்டேன். பலதாரமும் மகளுக்குப் பாதிப் பங்கும் குர்ஆனிலேயே இருக்கின்றன, அவற்றோடு எனக்கும் மல்லுக்கட்டுதான். ஆனால் நீதியாக நடக்க முடியாதென்று அஞ்சினால் ஒருத்தி போதும் என்று அந்த ஆயத்தே சொல்கிறதே, அதை ஏன் வெள்ளிக்கிழமை குத்பா பிரசங்கத்தில் கேட்க முடிவதில்லை?

(இதைப் பார்த்துச் சிரிக்கிற பக்கத்து வளவுக்காரருக்கு: யாழ்ப்பாணத் தமிழரின் சட்டமான தேசவழமையின் கீழ் வரும் மனைவி தன் காணியை விற்கவே புருஷன் சம்மதம் வேண்டும்.)

பொதுச் சட்டத்தில் பதியலாமே என்றால், இருவரும் முஸ்லிம் என்றால் அது நம்மை எடுக்காது. ஆகவே உங்கள் சம்மதத்தை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்து, காவின் எழுதும் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். சட்டத்தில் பெறுமதி இல்லைதான், சபையில் இருப்பவர்கள் கேட்கட்டும். மாப்பிள்ளை உங்களுக்குத் தரவேண்டிய மஹர் தொகையையும் நீங்களே சொல்லுங்கள். கைக்கூலி (மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் சீதனப் பணம்) பேசும்போது கல்குலேட்டர் தட்டுகிறவர்கள் மஹருக்கு மட்டும் ஏனோதானோ என்று இருப்பார்கள், விடாதீர்கள்.