ஜெபிப்பது, மரம் நடுவது தவிர, காலநிலை மாற்றத்துக்கு ஒரு திருச்சபை உருப்படியாக என்ன செய்ய முடியும்?

"ஜெபிப்பது, மரம் நடுவது தவிர" என்று கேள்வியிலேயே சேர்த்திருக்கிறீர்கள். காரணம் புரிகிறது. பெரும்பாலான சபைகள் மரக்கன்றில் தொடங்கி, அதோடு நிறுத்திவிடுகின்றன. தொடங்க வேண்டிய இடம் பொருளாளரின் கோப்பு. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று லூக்கா 14:28 கேட்கிறதே, அந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

12 மாத மின்கட்டண ரசீதுகள், ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசல் பில்கள், ஏசி சர்வீஸ் பில்கள் மூன்றையும் எடுங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஏசி பில்லில் "கேஸ் நிரப்பியது" என்ற வரி வருடா வருடம் வந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பல ஏசிகளில் குளிரூட்டப் பயன்படும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிவது சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதாவது 750 லிட்டருக்கும் மேல் டீசலை எரித்த மாதிரி. கசிவை அடைக்காமல் நிரப்பிக்கொண்டே இருக்கும் மெக்கானிக்கை மாற்றுவதே பல சபைகளுக்கு முதல் வெற்றியாக இருக்கும்.

எந்த ரசீதிலும் வராத செலவு ஒன்று உண்டு: சபையார் வந்துபோகும் பயணம். ஞாயிறுதோறும் 60 கார்கள், போக வர 10 கிலோமீட்டர் என்று வைத்தால் 52 வாரத்தில் 31,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் 2,080 லிட்டர் பெட்ரோல், ஏறத்தாழ 4.8 டன் கார்பன் டை ஆக்சைடு. ஏசி இல்லாத ஆலயத்தில் மின்சாரத்தைவிட இதுவே பெரிதாக இருக்க வாய்ப்பு அதிகம். "வாகனத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று அறிவிப்பில் வாசித்தால் ஒருவரும் அசைய மாட்டார்கள். வீட்டு ஜெபக்குழு வாரியாக, யார் யாரை ஏற்றி வருவது என்று பெயர் போட்டுப் பட்டியல் தயாரித்தால் நடக்கும். வாரநாள் கூட்டங்களை வீடுகளுக்கு மாற்றினால் இன்னும் குறையும்.

அடுத்து மின்விசிறி. உற்சாகத்தில் ஆலயத்தின் எல்லா விசிறிகளையும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி விசிறிகளாக மாற்றிவிட்டு, போட்ட பணம் திரும்பவில்லையே என்று கமிட்டியில் சண்டை வரும். 75 வாட் விசிறிக்குப் பதில் 30 வாட் விசிறி என்றால் மிச்சம் 45 வாட். வாரத்துக்கு 5 மணி நேரம் ஓடும் ஆலய விசிறியில் அது வருடத்துக்கு 12 யூனிட்கூட ஆகாது. போதகர் வீட்டில் தினம் 15 மணி நேரம் ஓடும் விசிறியில் 246 யூனிட். எனவே போதகர் வீடு, அலுவலகம், விடுதி, பள்ளி ஆகியவற்றில் முதலில் மாற்றுங்கள். ஆலயத்தில் பழையது பழுதாகும்போது மாற்றினால் போதும்.

சூரிய மின்பலகைக்கும் இதே கதைதான். வெயில் நன்றாக அடிக்கும் ஊரில் 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் அளவில் கிடைக்கும். அந்த 1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத சுமார் 10 சதுர மீட்டர் கூரை வேண்டும். ஆனால் ஆலயம் மின்சாரம் செலவழிப்பது ஞாயிறு காலையும் மற்ற நாள் மாலையும். உபரியை மின்வாரியம் கணக்கில் வரவு வைக்கும் ஏற்பாடு இல்லையென்றால் திங்கள் முதல் சனி வரை உற்பத்தியாவது பெரும்பாலும் வீண். ஒரே வளாகத்தில் பள்ளி இருந்தால் இணைப்பை அங்கே கொடுங்கள். பீடம் கிழக்கில் இருக்கும்படி கட்டிய பழைய ஆலயங்களுக்கு ஒரு வசதி: கூரையின் நீண்ட சரிவுகள் வடக்கும் தெற்குமாக இருக்கும். பூமியின் வடபாதியில் தெற்குச் சரிவு அருமையான இடம். கெடுப்பது மணிக்கோபுரத்தின் நிழல். வரிசையாக இணைத்த பலகைகளில் ஒன்றில் நிழல் விழுந்தாலே வரிசை முழுவதின் உற்பத்தியும் குறையக்கூடும். அந்த இடத்தில் பலகைக்கொன்றாக மைக்ரோ இன்வெர்ட்டர் கேளுங்கள்; ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாக இயக்கும் சிறு கருவி அது. பழைய ஓட்டுக்கூரை என்றால் கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியேற்றத்தைக் குறைக்க. என் கணிப்பில் சபையின் பெரிய பலம் வேறு இடத்தில் இருக்கிறது: பெரிய கூடம், சமையலறை, யார் வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார் என்ற தகவல். வெள்ளத்திலும் வெப்ப அலையிலும் இவை உயிர் காப்பவை. பேரிடர் நிவாரணத்துக்கான ஸ்பியர் வழிகாட்டுதல் தங்குமிடத்தில் ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் இடமும் நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீரும் 20 பேருக்கு ஒரு கழிப்பறையும் வேண்டும் என்கிறது. 300 சதுர மீட்டர் கூடத்தில் 85 பேர் தங்கலாம்; தினம் 1,275 லிட்டர் தண்ணீரும் 5 கழிப்பறைகளும் வேண்டும். கழிப்பறையில்தான் பல ஆலயங்கள் தோற்கும். நிலத்தடித் தொட்டியின் மோட்டார் வெள்ளத்தில் மூழ்கினால் தண்ணீரும் போச்சு. எனவே மோட்டாரையும் ஜெனரேட்டரையும் மேடைமேல் ஏற்றுங்கள். சாவி மூன்று பேரிடமாவது இருக்கட்டும்.

ஆராதனையில் இதற்கு இடம் தேட வேண்டியதில்லை. செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரையிலான படைப்பின் காலத்தைப் பல திருச்சபைகள் சேர்ந்து அனுசரிக்கின்றன. 1989இல் கான்ஸ்டான்டினோப்பிள் ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை முதலாம் திமித்ரியோஸ் செப்டம்பர் 1ஐப் படைப்புக்கான ஜெப நாளாக அறிவித்தார். அக்டோபர் 4 அசிசி நகர் பிரான்சிசின் திருநாள். "பூமி எப்படியும் வெந்து அழியும்" என்று 2 பேதுரு 3:10ஐக் காட்டி ஒருவர் எழுந்திருப்பார், நிச்சயம். அவரிடம் விவாதிக்காமல், பூமியைக் கெடுத்தவர்களைக் கெடுக்கும் காலம் பற்றிய வெளிப்படுத்தல் 11:18ஐ வாசிக்கச் சொல்லுங்கள். விருந்துகளில் மீந்த சாப்பாட்டுக்கு யோவான் 6:12 போதும்: மீதியான துணிக்கைகள் சேதமாகக் கூடாது. பரிமாறுமுன் தலை எண்ணிச் சமைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மரம் நடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. நட்ட கன்றுக்கு இரண்டு கோடைகள் தண்ணீர் ஊற்ற ஆள் பெயர் எழுதிய பிறகு நடுங்கள்.

இவை எல்லாவற்றையும் குலைப்பது போதகரின் இடமாற்றம். ஆர்வமுள்ளவர் போனதும் திட்டமும் போய்விடும். ஆகவே கமிட்டித் தீர்மானமாக மினிட்ஸில் எழுதி, பட்ஜெட்டில் தனித் தலைப்பு போட்டு, கணக்கு வாசிக்கும்போது மின்கட்டணத் தொகையோடு யூனிட்டையும் வாசிக்கச் சொல்லுங்கள். தொகையை மட்டும் வாசித்தால், கட்டண உயர்வு வந்த வருடத்தில் நீங்கள் குறைத்தது ஒருவர் கண்ணிலும் படாது.