பத்தாவது பாகத்தைத் தாண்டிக் குதிக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் அரவேணுவில் இருக்கிறோம். நான், அண்ணி, அண்ணன் மகன், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா என நாலு பேரும் ஒரே பிரதியைக் கைமாற்றி ராபர்ட் ஜோர்டானின் 'தி வீல் ஆஃப் டைம்' என்ற மாயாஜால நாவல் தொடரைப் படித்து வருகிறோம். 9 பாகம் ஓடியே போய்விட்டது. 10-வது பாகமான 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்' வந்ததும் வண்டி நின்றுவிட்டது. அண்ணி பாதியில் மூடி வைத்துவிட்டார். மருமகன், 'அத்தை, சுருக்கத்தைப் படிச்சிட்டு நேரா 11-க்குப் போயிடலாம்' என்கிறான். ஆசிரியர் ஐயாவோ தொடரிலேயே இதுதான் நல்ல பாகம் என்கிறார். நான் 12-வது அத்தியாயத்தில் நிற்கிறேன். யார் சொல்வது சரி? எங்கள் வாசகர் வட்டத்துக்கு இந்தப் பாகத்தைப் பற்றி ஒரு பக்கம் கருத்து எழுதித் தருவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதை எப்படி எழுதுவது?

— ஒரு வாசகி, நீலகிரி

பதில்: தாண்டிக் குதிக்காதீர்கள். ஆனால் 12-லிருந்து 30 வரை ஒரே வேகத்தில் படிக்கவும் வேண்டாம். உங்களைச் சோர்வடைய வைத்தது மொழியோ மெதுநடையோ இல்லை, கதையின் நாட்காட்டி. அது பிடிபட்டுவிட்டால் மீதிப் பாகம் வேறு புத்தகமாகத் தெரியும்.

9-வது பாகத்தின் கடைசி அத்தியாயம் நினைவிருக்கும். ஷாடார் லோகாத் ஊரில் கதாநாயகன் ரேண்டும் அவன் ஊர்க்காரி நைனேவும் சேர்ந்து, 3,000 ஆண்டுக்கு மேலாக ஆண்களின் மாயசக்தியில் ஒட்டியிருந்த கறையைக் கழுவுகிறார்கள். அந்தச் சூட்டோடு அடுத்த பாகத்தைப் பிரிக்கிறவர், இனி என்ன நடக்கும் என்றுதான் தேடுவார். ஜோர்டான் அதைச் சொல்லவில்லை. நாட்காட்டியைச் சில நாள் பின்னுக்குத் திருப்பி, அதே நேரத்தில் ரேண்டின் கூட்டாளிகளான மேட் எங்கே இருந்தான், பெரின் எங்கே இருந்தான், ஈலேனும் எக்வேனும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒவ்வொருவராகக் காட்டுகிறார். ஒருவரைத் தொடர்ந்து போய் அந்த நாளைத் தொட்டதும், அடுத்தவருக்காக மறுபடி பின்னால் வருகிறார். ஒரே நாள் திரும்பத் திரும்ப விடிகிறது. கதை நகரவே இல்லை என்ற எரிச்சல் வருவது இதனால்தான். நீங்கள் தாண்டி வந்த 10-வது அத்தியாயத்தில் ஈலேன் இருக்கும் கேம்லின் நகரிலிருந்து தொலைவில் உணரப்படும், கறை கழுவும்போது எழும் அந்தப் பெரும் ஒளிதான் அடையாளம். அது எந்தெந்த அத்தியாயத்தில் வருகிறதோ அங்கெல்லாம் ஒரு துண்டுக் காகிதம் செருகி வையுங்கள். அதற்கு முன்பு இருப்பதெல்லாம் 9-வது பாகத்தின் பக்கவாட்டுக் கதை. அதற்குப் பின் வருவதுதான் புதுக் கதை.

இந்தப் பாகத்தைத் திட்டி எழுதப்பட்ட கருத்துகள் ஏராளம். அவற்றைப் படிக்கும்போது எழுதிய ஆண்டைப் பாருங்கள். 9-வது பாகம் 2000 நவம்பரில் வந்தது. இது 2003 ஜனவரியில். இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர், ரேண்ட் என்ன ஆனான் என்று பார்க்க ஓடோடி வந்து பிரித்தால், 30 அத்தியாயத்தில் அவன் பங்குக்கு 24-வது அத்தியாயம் ஒன்று, பிறகு முடிவுரை. அவ்வளவுதான். அடுத்த பாகமான 'நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ்' வர 2005 அக்டோபர் ஆகிவிட்டது. 2007 செப்டம்பரில் ஜோர்டான் காலமானார். தொடர் முடியுமா என்பதே தெரியாமல் இருந்தவர்களின் ஆற்றாமையும் அந்தக் கருத்துகளில் கலந்திருக்கிறது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஜோர்டானின் மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். ஜோர்டான் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு அவர் 2009, 2010, 2013 என மூன்று பாகங்களில் கதையை முடித்துவைத்தார். 11-வது பாகம் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. காத்திருந்து படித்தவரின் தீர்ப்பு வேறு, தொடர்ந்து படிப்பவரின் தீர்ப்பு வேறு. இரண்டும் நேர்மையானவை. ஒன்றை இன்னொன்றுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

இனி, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து எப்படிப் போவது?

15-வது அத்தியாயம் வரை ஈலேனின் அரியணைப் பிரச்சினை. ஆண்டோர் நாட்டில் பெருங்குடிகள் 19. அதில் குறைந்தது 10 குடியின் ஆதரவு கிடைத்தால்தான் அவள் அரசி. இந்தக் கணக்கு ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, எந்தக் குடி எந்தப் பக்கம் என்று பார்த்தபடி விரைவாகப் போய்விடலாம். குளியல், உடை, யார் எப்படி முகம் சுளித்தார் என்பதெல்லாம் நீளமாகத்தான் வரும். அங்கே நீங்கள் சோர்ந்தால் அது உங்கள் குறை இல்லை. இந்தப் பாகத்தின் பலவீனமான பகுதி இதுதான் என்பதே எங்கள் கருத்தும்.

16 முதல் 20 வரை எக்வேனின் பாசறை; 21 முதல் 23 வரை வேறு இடங்கள். மாயசக்தி கொண்ட ஐஸ் செடாய் பெண்கள் இரண்டாகப் பிளந்திருக்க, ஒரு பக்கத்துக்கு எக்வேன் தலைவி. பெரும்பாலோர் கைவிடும் இடம் இந்தப் பாசறைதான். கைவிடக் காரணம் பெயர்கள்தான். ஐஸ் செடாய் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பேசிவிட்டுப் போவார்கள், யார் எந்த அணி என்பது மறந்துபோகும். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீலம், பச்சை, மஞ்சள், வெள்ளை, பழுப்பு, சாம்பல் என்று ஆறு கட்டம் போடுங்கள். இந்த நிறப் பிரிவுகளுக்கு அஜா என்று பெயர். சிவப்பு அஜா மட்டும் எக்வேன் பக்கம் இல்லை. அவையில் ஒவ்வோர் அஜாவுக்கும் மூன்று இடம். ஆக 18 பேர்தான் அங்கே வாக்களிப்பவர்கள், எழுந்து நின்றால் சம்மதம் என்று பொருள். ஒரு பெயர் இரண்டாம் முறை வரும்போது மட்டும் கட்டத்தில் எழுதுங்கள். முதல் முறையே எழுதினால் காகிதம் நிறைந்துவிடும், பயனும் இருக்காது. புத்தகத்தின் பின்னால் சொற்பட்டியல் இருக்கிறது, உச்சரிப்போடு. சந்தேகம் வந்தால் அதைப் பாருங்கள். இணையத்தில் பெயரைத் தேடினால் அந்தப் பாத்திரம் கடைசியில் என்ன ஆகிறது என்பது முதல் வரியிலேயே வந்து விழும். இந்தத் தொடரில் வாசகர்கள் அதிகம் ஏமாறுவது இப்படித்தான்.

கண் அயர்ந்தால் இந்த அத்தியாயங்களை ஒலிப்புத்தகமாகக் கேட்கலாம். மைக்கேல் கிரேமரும் கேட் ரீடிங்கும் வாசித்திருக்கிறார்கள். பெண்களின் பார்வையில் வரும் பகுதிகளை கேட் ரீடிங் வாசிப்பதால் பாசறை முழுக்க அவர் குரல்தான். குன்னூருக்கோ ஊட்டிக்கோ பஸ்ஸில் போய்வரும் நேரத்தில் ஓர் அத்தியாயம், இரண்டு அத்தியாயம் முடிந்துவிடும். வளைவுப் பாதையில் குனிந்து படித்துத் தலைசுற்றுவதை விட இது மேல்.

24-ஐ நிதானமாகப் படியுங்கள். ரேண்ட் களைத்துப்போய் இருக்கிறான், ஒரு முடிவுக்கும் வருகிறான்.

பிறகு வருகிற 25, 26, 27. உங்கள் அண்ணி இந்த மூன்றைப் படிக்காமல் மூடிவைத்திருந்தால் அதுதான் பெரிய இழப்பு. கடத்தப்பட்ட மனைவி ஃபயீலைத் தேடும் பெரின், தன் ஆட்களுக்குத் தானியம் வாங்க சோ ஹேபர் என்ற ஊருக்குப் போகிறான். ஊரே குளிக்காமல் கிடக்கிறது. வியாபாரிகளின் நல்ல துணியெல்லாம் அழுக்கு. யாரும் நிமிர்ந்து முகம் பார்ப்பதில்லை. தானியத்தைக் கொட்டிப் பார்த்தால் கருப்புக் கருப்பாக வண்டு. விட்டுவிட்டுப் போக வழியில்லை, பசி நிற்கிறது. ஆட்கள் உட்கார்ந்து காற்றில் தூற்றி வண்டை நீக்குகிறார்கள். கதைக்குத் தேவையில்லாத ஊர் என்று பலரும் குறைசொல்லும் அத்தியாயம் இது. முறத்தில் அரிசி புடைத்து வண்டு பொறுக்கியவர்களுக்கு அது அப்படித் தெரியாது. நல்ல தானியம் காரணமில்லாமல் கெட்டுப்போகிறது என்றால் உலகத்தின் அடித்தளத்திலேயே ஏதோ அழுகுகிறது என்று பொருள். இருள் நெருங்குவதைப் படையை வைத்துக் காட்டாமல் ஒரு பிடி தானியத்தை வைத்துக் காட்டியிருக்கிறார் ஜோர்டான். பின்வரும் பாகங்களில் சோற்றுப் பிரச்சினை எவ்வளவு பெரிதாகிறது என்று பார்க்கும்போது இந்த இடம் திரும்ப நினைவுக்கு வரும். அடுத்த அத்தியாயத்தில் பெரின் தன் கையாலேயே ஒரு காரியம் செய்கிறான். முதல் பாகத்திலிருந்து அவன் சுமந்து வந்த கேள்விக்கு அங்கேதான் பதில். அதை இங்கே சொல்லப் போவதில்லை.

மருமகனிடம் இதைச் சொல்லுங்கள்: சுருக்கத்தில் அந்தக் காரியம் ஒரே வரியாக இருக்கும். அந்த வரியைப் படித்தால் என்ன நடந்தது என்று தெரியும், பெரின் என்ன ஆனான் என்று தெரியாது. 28, 29-இல் மேட்டும் அவன் கடத்தி வந்த டூவான் என்ற பெண்ணும் ஒருவரை ஒருவர் அளந்துபார்ப்பதும் அப்படியே. அங்கே சம்பவம் குறைவு, பேச்சும் மௌனமும்தான் எல்லாம். சுருக்கம் எழுதுகிறவருக்கு எடுத்துச் சொல்ல எதுவும் அகப்படாது. 30-வது அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களையும் 11, 12-ஆம் பாகங்கள் நேரடியாகத் தொடர்கின்றன. நேரமே இல்லை என்றால் அவன் 24-லிருந்து முடிவுரை வரை முழுதாகப் படிக்கட்டும், 10 முதல் 23 வரைக்கு மட்டும் சுருக்கம் போதும். அண்ணியும் விட்ட இடத்தைத் தேடாமல் நேராக 25-இல் தொடங்கலாம். பெரின் கதை பிடித்துவிட்டால் மற்றதற்குத் தானாகத் திரும்புவார்.

ஆசிரியர் ஐயா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெரிய சம்பவத்தைத் தள்ளிநின்று பார்க்கும் சாதாரண மனிதர்களின் பயத்தை இந்தப் பாகம் அளவுக்கு வேறெந்தப் பாகமும் காட்டவில்லை. தொடரிலேயே சிறந்தது என்பதை மட்டும் எங்களால் ஏற்க முடியவில்லை. நாலு இழைகளில் ஒன்றுகூட இந்தப் பாகத்துக்குள் முடியவில்லை. ஃபயீல் பிடிபட்டது 8-வது பாகத்தின் கடைசியில், அது அவிழ்வது 11-இல். அத்தனை தூரம் வாசகரை இழுத்துச் செல்லும் ஆசிரியர், நடுவில் சிறிதாக ஒன்றையாவது முடித்துத் தந்திருக்க வேண்டும்.

உங்கள் ஒரு பக்கக் கருத்துக்கு வருவோம். புத்தகம் முழுவதற்கும் ஒரே தீர்ப்பு எழுதாதீர்கள், அப்படி எழுதினால் வட்டத்தில் நல்லது, மோசம் என்ற சண்டைதான் மிஞ்சும். முதல் வரியில் எப்படிப் படித்தீர்கள் என்று சொல்லுங்கள்: 9 முடித்து எத்தனை நாளில் தொடங்கினீர்கள், எங்கே நின்றீர்கள், எத்தனை வாரம் ஆனது. அடுத்து நாட்காட்டி பின்னால் போவதை நாலைந்து வரியில் விளக்குங்கள், புதிதாகப் படிக்க வருபவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. பிறகு மேட், பெரின், ஈலேன், எக்வேன் ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டு வரி. பிடிக்காததைச் சொல்லும்போது அத்தியாய எண்ணைக் குறிப்பிடுங்கள். 'இழுவை' என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. '13-இல் இந்தப் பேச்சு இவ்வளவு நீள வேண்டியதில்லை' என்று எழுதினால் அவரே புரட்டிப் பார்த்துக்கொள்வார், ஒத்துப்போகவோ மறுக்கவோ முடியும். 27-இல் நடப்பதையும் 30-இன் கடைசிப் பக்கங்களையும் கருத்தில் எழுதவே வேண்டாம். வட்டத்தில் இன்னும் படிக்காதவர்கள் இருப்பார்கள்.

ஒரே பிரதியை நாலு பேர் சுற்றுவதும் ஒரு சிக்கல்தான். முதலாமவர் முடித்து நாலாமவர் முடிப்பதற்குள் மாதங்கள் ஓடி, முதலில் படித்தவருக்கு விவரம் மறந்திருக்கும். பழைய புத்தகக் கடையில் இன்னொரு பிரதி கிடைத்தால் வாங்கிவிடுங்கள். முன்னுரையும் 4 வரையும் ஒரு வாரம், 9 வரை ஒரு வாரம், 15 வரை ஒன்று, 23 வரை ஒன்று, மீதி ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டால் ஞாயிறு பேச்சில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருப்பீர்கள்.

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை பிடித்துக்கொள்ளும். இவ்வளவு தடித்த பேப்பர்பேக் ஈரக்காற்றில் உப்பி, நடுவில் விரித்தால் முதுகுப் பசை வெடிக்கும். நனைந்தால் அடுப்படியிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைக்காதீர்கள், சூட்டில் பசை இளகித் தாள் கட்டோடு கழன்றுவிடும். சற்றே விரித்து நிமிர்த்தி நிறுத்தி, காற்றோட்டத்தில் இரண்டு நாள் விடுங்கள். அலமாரியில் சுவரை ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். 25-வது அத்தியாயத்தில் அட்டை பிரிந்து போனால் அண்ணி மறுபடி மூடி வைத்துவிடுவார்.