வீட்டோடு சங்கமும் சேர்ந்து வருகிறது

கேள்வி: அக்கா, நாங்கள் டெக்சாஸில் டாலஸ் பக்கத்தில் இர்விங்கில் ஒன்பது வருடமாக வாடகை அபார்ட்மென்டில் இருக்கிறோம். வாங்கலாம் என்று இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று ஃபிரிஸ்கோவில், ஆறு வருடத்துக்கு முன் கட்டிய கம்யூனிட்டி. நீச்சல் குளம், பார்க், நடைபாதை எல்லாம் உண்டு. எச்.ஓ.ஏ.வுக்கு, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு, வருடம் 1,200 டாலர் கட்ட வேண்டும். இன்னொன்று பிளேனோவில் பழைய தெருவில், எச்.ஓ.ஏ. கிடையாது. என் கணவருக்கு ஃபிரிஸ்கோ வீடுதான் பிடித்திருக்கிறது. எனக்குத்தான் பயம். வாசலில் கோலம் போட்டால் ஃபைன், தெருவில் காரை நிறுத்தினால் ஃபைன், பணம் கட்டாவிட்டால் வீட்டையே எடுத்துக்கொள்வார்கள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மாமியார் வருடத்தில் ஆறு மாதம் வந்து இருப்பார். அவருக்குத் தோட்டம் வேண்டும். நவராத்திரிக்குக் கொலு வைப்போம், முப்பது பேராவது வருவார்கள். நாங்கள் இருவரும் எச்-1பி வேலை விசாவில்தான் இருக்கிறோம். எதை வாங்கலாம்?
– ஒரு வாசகி, இர்விங்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது விசாவைப் பற்றிய அந்த ஒரு வரியைத்தான். கோலத்தையும் கொலுவையும் விவரமாக எழுதிவிட்டு அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் முடிவே அந்த வரியில்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் பயங்களைப் பார்த்துவிடுவோம்.

எச்.ஓ.ஏ.வை நம் ஊர் ஃபிளாட் அசோசியேஷன் மாதிரி நினைத்துவிடாதீர்கள். அங்கே மெயின்டனன்ஸ் கட்டாவிட்டால் செயலாளர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், நோட்டீஸ் போர்டில் பெயர் வரும். இங்கே சங்கத்தின் விதிப் பத்திரம் கவுன்டி (மாவட்ட நிர்வாக) அலுவலகத்தில் பதிவாகி நிலத்தோடேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அதில் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டியதே இல்லை. வீட்டை வாங்கினாலே அதற்குக் கட்டுப்பட்டவர். பிடிக்கவில்லை என்று உறுப்பினர் பதவியை விட்டு விலகவும் முடியாது, விற்றுவிட்டுத்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட பத்திரங்களுக்கு எவ்வளவு பலம் என்றால், ஒரு காலத்தில் வெள்ளையர் அல்லாதவருக்கு வீடு விற்கக் கூடாது என்பதையே இதே வகைப் பத்திரங்களில்தான் எழுதி வைத்தார்கள். அந்த விதியை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948ல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1968ல் வந்த சட்டம்தான் வீடு விற்பதில் இனப் பாகுபாட்டையே தடை செய்தது. நாம் இன்று ஃபிரிஸ்கோவில் வீடு பார்ப்பதற்குப் பின்னால் அந்தப் போராட்டம் இருக்கிறது. பத்திரத்தைப் படிக்காமல் விடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பணம் கட்டாவிட்டால் வீடு போகுமா? போகும். டெக்சாஸில் சொந்தக் குடியிருப்பைக் கடன்காரர்களிடமிருந்து காப்பாற்றும் சட்டம் உண்டு. ஆனால் சங்கப் பாக்கிக்கு அந்தப் பாதுகாப்பு செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1987லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நீங்கள் பார்க்கும் அதே ஃபிரிஸ்கோவில் 2009ல் நடந்தது இது: ஈராக்கில் பணியில் இருந்த ஒரு ராணுவ கேப்டனின் வீடு, சுமார் 3 லட்சம் டாலர் பெறும், வங்கிக் கடன்கூட இல்லாதது, ஆயிரம் டாலரைத் தொடாத சங்கப் பாக்கிக்காக மூவாயிரத்துச் சொச்சம் டாலருக்கு ஏலத்தில் போனது. அப்புறம் வழக்கு, சமரசம் என்று போய் வீடு திரும்பக் கிடைத்தது. அதற்குப் பிறகு விதிகளை இறுக்கினார்கள். 2012 முதல் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் சங்கம் இப்படி ஏலம் விட முடியாது. வெறும் ஃபைன் பாக்கிக்காக வீட்டில் கை வைக்கவே முடியாது. தவணையில் கட்டவும் பெரும்பாலான சங்கங்கள் வழி தர வேண்டும்.

ஆக, ஒழுங்காகக் கட்டுபவருக்கு இதில் பயம் இல்லை. ஆனால் நம்மவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. வீட்டு வரியும் இன்ஷூரன்ஸும் எஸ்க்ரோ வழியாக, அதாவது மாதத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் கணக்கிலிருந்து, கடன் கம்பெனியே கட்டிவிடும். அதே போல எச்.ஓ.ஏ.வும் போய்விடும் என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் போகாது, நாம்தான் கட்ட வேண்டும். சாவி கையில் வந்த வாரமே ஆட்டோ-பேயில் போட்டுவிடுங்கள்.

கோலத்துக்கு யாரும் கடிதம் அனுப்பி நான் பார்த்ததில்லை. என் வீட்டு வாசலில் மார்கழி முழுக்கப் போடுகிறேன், எதிர் வீட்டுக்காரர் நின்று புள்ளியை எண்ணிவிட்டுப் போவார். வாசலில் சாமி படம், பிள்ளையார் சிலை, தோரணம் இவற்றுக்கு 2021ல் வந்த மாநிலச் சட்டமே துணை இருக்கிறது. மத அடையாளங்களைச் சில விதிவிலக்குகள் தவிர சங்கம் தடுக்க முடியாது. கொலுவுக்கு ஒரு மாலை முப்பது பேர் வருவது பிரச்சினையே இல்லை. அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி, சுண்டலும் கொடுத்தனுப்புங்கள்.

எனக்கு வந்த முதல் கடிதம் குப்பைத் தொட்டிக்காக. உறைக்குள் ஒரு தாள், தாளில் ஒரு போட்டோ. எங்கள் கராஜ் ஓரமாக நீலத் தொட்டி, மூடி பாதி திறந்தபடி, பின்னால் கொடியில் என் மகளின் துண்டு. தெருவிலிருந்து தொட்டி தெரியக் கூடாதாம், பத்து நாளில் சரிசெய்ய வேண்டுமாம். யாரோ காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து என் வீட்டைப் படம் எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது. அன்று இரவு தூக்கமே வரவில்லை. தொட்டியை உள்ளே தள்ளி வைத்ததும் விஷயம் முடிந்தது. ஆனால் அந்தப் போட்டோவைப் பார்த்தபோது வந்த உணர்ச்சியை நான் மறக்கவில்லை. சிலர் அதைத் துடைத்துப் போட்டுவிடுவார்கள். சிலருக்கு ஒவ்வொரு கடிதமும் மானப் பிரச்சினையாகிவிடும். நீங்கள் இருவரும் எந்த ரகம் என்று ஒரு தடவை மனம் விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். தவறாக வந்த கடிதமாக இருந்தால், 30 நாளுக்குள் எழுதிக் கேட்டு சங்கத்தின் போர்டு (நிர்வாகக் குழு) முன்னால் உங்கள் பக்கத்தைச் சொல்ல உரிமை உண்டு.

வருடம் 1,200 என்பதைவிட, அந்தப் பணம் எங்கே போகிறது என்பதுதான் எனக்குக் கவலை. எங்கள் தோழி ஒருத்தியின் கம்யூனிட்டியில் சாலையோரம் நீளமாக ஒரு செங்கல் மதில். இந்தப் பக்கத்துக் களிமண் கோடையில் வெடித்துச் சுருங்கும், மழையில் ஊதும். மதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, கடைசியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். மதில் சங்கத்துச் சொத்து. பழுதுபார்க்கக் கையிருப்பு இல்லை. வீட்டுக்கு நாலாயிரம் டாலர் சிறப்பு வசூல் என்று கடிதம் வந்தது. அவள் வாங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. வாங்கும்போது அந்த மதிலை ஒட்டித்தான் காரை நிறுத்தியிருக்கிறாள்!

உங்கள் கம்யூனிட்டிக்கு ஆறு வயது. பில்டர் விற்கும் காலத்தில் சந்தாவைக் குறைவாகக் காட்டுவது வழக்கம், ஆள் சேர வேண்டுமே. பிறகு சங்கம் குடியிருப்பவர்கள் கைக்கு வரும்போதுதான் உண்மைச் செலவு தெரியும். நீச்சல் குளத்தின் உட்பூச்சு, பம்பு, விளையாட்டுச் சாதனங்கள், வேலி எல்லாம் பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டி வரும். அதாவது நீங்கள் குடியிருக்கும்போதுதான். அதற்காக இப்போதே தனியாகப் பணம் சேர்த்து வருகிறார்களா, நிபுணரை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். சந்தா குறைவு என்று ரியல்டர் பெருமையாகச் சொன்னால் அங்கே இரண்டு மடங்கு கவனமாக இருங்கள். சந்தாவை ஏற்ற மனம் வராத சங்கம்தான் ஒரு நாள் சிறப்பு வசூலோடு வந்து நிற்கும்.

இதெல்லாம் வீடு கைமாறும்போது சங்கம் தரும் ரீசேல் சர்டிஃபிகேட் என்ற ஒரே காகிதக் கட்டாக வரும். பட்ஜெட், கையிருப்பு, சங்கத்தின் மேல் உள்ள வழக்குகள், வரப்போகும் சிறப்பு வசூல், விற்பவர் மீறி வைத்திருக்கும் விதிகள், பெயர் மாற்றக் கட்டணம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். டெக்சாஸில் இதற்கு 375 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. கூடவே கடந்த ஒரு வருடத்துப் போர்டு கூட்டக் குறிப்புகளையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். எனக்கு அதுதான் முக்கியம். சங்கம் எப்படிப்பட்டது என்று மூன்று கூட்டத்துக் குறிப்பைப் படித்தாலே தெரிந்துவிடும்.

சரி, விசா. உங்களில் ஒருவருக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் வேறு வழி பார்க்க வேண்டும். வேறு ஊரில் வேலை கிடைக்கலாம். ஊருக்கே திரும்ப வேண்டியும் வரலாம். அப்போது மார்க்கெட் படுத்திருந்தால் உடனே விற்க முடியாது, வாடகைக்கு விட்டுக் கடனைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் கைகொடுக்கும். இங்கேதான் பல எச்.ஓ.ஏ.க்கள் கதவை அடைக்கின்றன. கம்பெனிகள் வீடுகளை மொத்தமாக வாங்கி வாடகைக்கு விடுவதைத் தடுக்கிறோம் என்று விதி போடுகிறார்கள். வாங்கி ஒரு வருடமோ இரண்டு வருடமோ நீங்களே குடியிருக்க வேண்டும் என்பார்கள். மொத்த வீடுகளில் இத்தனைதான் வாடகைக்குப் போகலாம், மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும் என்பார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் அடி விழுவது உங்களைப் போன்றவர்கள் மேல். ஆறு வருடம் பழகிய ஒரு குடும்பம் இப்படி மாட்டிக்கொண்டு, பெங்களூரில் உட்கார்ந்து ஆள் இல்லாத டெக்சாஸ் வீட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். புல் வளர்ந்துவிட்டது என்று அதற்கும் கடிதம் போனது.

இன்று அந்த விதி இல்லை என்பதும் போதாது. உறுப்பினர்களின் 67 சதவீத ஓட்டு இருந்தால் பத்திரத்தையே திருத்தலாம். அதனால்தான் கூட்டக் குறிப்புகளைக் கேட்கச் சொன்னேன். வாடகை விஷயம் யாராவது பேசியிருந்தால் அதில் தெரியும்.

பிளேனோ வீட்டில் இந்தத் தலைவலி இல்லை. பழைய வீடு என்பதால் அஸ்திவாரம், கூரை, தரைக்கு அடியில் போகும் பழைய இரும்புக் குழாய் மூன்றையும் தனித்தனி ஆளை வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஓடாத கார் இரண்டு நின்றால் கேட்க சங்கம் இருக்காது, சிட்டிக்குத்தான் போன் பண்ண வேண்டும்.

என் முடிவைக் கேட்கிறீர்கள், சொல்கிறேன். ஃபிரிஸ்கோ பத்திரத்தில் வாடகைக்கு உச்ச வரம்பு இல்லாமல், வாடகைக்கு விடும் முன் நீங்களே குடியிருக்க வேண்டிய காலம் ஒரு வருடத்துக்குள் இருந்து, கையிருப்பும் கணக்கும் ஒழுங்காக இருந்தால் தைரியமாக வாங்குங்கள். குழந்தைகளுக்குக் குளம், மாமியாருக்கு மாலை நடைக்குத் துணை என்று அந்த வாழ்க்கை நன்றாகவே இருக்கும். வாடகைக்கு வரம்பு இருந்தால், கிரீன் கார்டு கையில் இல்லாத வரை அந்த வீடு வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும். உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மாமியாரின் தோட்டம் கொல்லைப்புற வேலிக்குள் இருந்தால் பெரும்பாலும் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பந்தலோ ஷெட்டோ போடுவதானால் மட்டும் முதலில் எழுதி அனுமதி வாங்குங்கள். கறிவேப்பிலையையும் முருங்கையையும் பெரிய தொட்டியில் வைக்கச் சொல்லுங்கள், இங்கே பனிக்காலத்தில் கராஜுக்குள் தள்ள வேண்டியிருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ரீசேல் சர்டிஃபிகேட் கொடுக்க சங்கத்துக்கு 10 வேலை நாள் வரை நேரம் உண்டு. காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ள உங்களுக்கு உள்ள ஆப்ஷன் பீரியட் அதற்குள் முடிந்துவிடலாம். காகிதங்கள் கைக்கு வந்த பிறகு 3 நாளுக்குள் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமையைத் தரும் எச்.ஓ.ஏ. இணைப்புப் படிவம் இருக்கிறது, அந்த வாசகம் உங்கள் ஒப்பந்தத்தில் டிக் ஆகியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். விதிப் பத்திரத்துக்கோ அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. பதிவான ஆவணம் என்பதால் கவுன்டியிலும், பெரும்பாலும் சங்கத்தின் இணையதளத்திலும் யாரும் பார்க்கலாம். இந்த வாரக் கடைசியில் இருவரும் உட்கார்ந்து அதில் வாடகை பற்றிய பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். ஆஃபர் போடுவது அதற்குப் பிறகு.

அன்புடன்,
அக்கா