நாற்பது பேர் கல்யாணத்துக்கு டிபன் போதும்

கே: மகளுக்குக் கோயிலில் வைத்துத் திருமணம். முகூர்த்தம் காலை 7.30 முதல் 9 வரை. இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது பேர்தான். மண்டபம் கிடையாது, வீட்டிலேயே சாப்பாடு. என்னென்ன செய்யலாம்? பதினைந்து அயிட்டமாவது இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்கிறார் என் நாத்தனார்.
— ஒரு வாசகி, சீர்காழி

ப: 1988-இல் என் தங்கை கல்யாணம் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. முப்பத்தைந்து பேர். அம்மா பதினெட்டு அயிட்டம் எழுதினார். கெட்டிமேளம் கேட்டபோது நான் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டியதை இன்றுவரை ஃபோட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். இதில் அவியல் வேறு ஊசிப்போயிற்று. அதனால் உங்கள் நாத்தனாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: பெரிய கல்யாணத்து இலையைச் சுருக்கிப் போட்டால், வந்தவர்கள் எது இல்லை என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். டிபன் போட்டால் யாரும் எண்ண மாட்டார்கள்.

தவிர, தாலி கட்டி வீடு வந்து உட்கார ஒன்பதரை ஆகும். அந்நேரத்தில் சாம்பார், ரசம், மோர் என்று யாருக்கு இறங்கும்? கேசரி, இட்லி, வெண்பொங்கல், வடை, கொத்சு, ஒரு சட்னி, காபி. இவ்வளவுதான். பூரி, தோசை என்று ஆரம்பிக்காதீர்கள். யாரோ ஒருத்தி அடுப்பை விட்டு நகர முடியாது.

கேசரிக்கு ஒரு கிலோ ரவை தாராளம். பொங்கலுக்கு இரண்டு கிலோ பச்சரிசி, முக்கால் கிலோ பாசிப்பருப்பு. பொங்கல் ஆற ஆற இறுகும், பக்கத்தில் கொதிக்கிற வெந்நீர் இருக்கட்டும்; பரிமாறுமுன் ஊற்றிக் கிளறி, மேலே நெய். இட்லி நூறு வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இரண்டு கிலோ இட்லி அரிசியும் அரை கிலோ உளுந்தும் சரியாக வரும்.

கொத்சுதான் உங்கள் கல்யாணத்தின் பேச்சாக இருக்கப் போகிறது. நான் சிதம்பரத்துக்காரி, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். நடராஜர் கோயில் சம்பா சாதத்துக்குத் துணையே கத்திரிக்காய் கொத்சுதானே. இரண்டு கிலோ பிஞ்சுக் கத்திரிக்காயை நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி மசித்து, புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்த பொடியைப் போடுங்கள். எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை இறக்காதீர்கள். முதல் நாள் இரவே செய்யலாம், மறுநாள் இன்னும் ருசிக்கும். தேங்காய்ச் சட்னி அப்படியில்லை. விடியற்காலை நாலு மணிக்கு அரைத்து வைத்தால் பந்தி நேரத்தில் கெட்டிருக்கும். தேங்காயைத் துருவி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, கோயிலிலிருந்து வந்ததும் அரையுங்கள்.

வடையை நீங்கள் தொடவே வேண்டாம். தெருக்கோடி டீக்கடை மாஸ்டரிடம் இரண்டு மணி நேர வேலை என்று பேசிக் கூப்பிடுங்கள். ஒரு கிலோ உளுந்து அரைத்து, உப்பு மட்டும் போடாமல் கொடுங்கள். முன்னாடியே போட்டால் மாவு நீர்த்து எண்ணெய் குடிக்கும். காபிக்கு அறுபது டம்ளர் கணக்கு: ஐந்து லிட்டர் பால், அரை கிலோ பொடி. டிகாக்‌ஷன் இரவே இறங்கட்டும்.

வெளியூர்க்காரர்களின் மதியத்துக்குக் கட்டுச்சாதம் கொடுத்துவிடுங்கள். புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்பே செய்து வைத்தால், காலையில் சாதம் வடித்துக் கிளறுவதுதான் வேலை. இருபது பொட்டலத்துக்கு இரண்டு கிலோ அரிசி. நாத்தனாரைப் பொட்டலம் கட்ட உட்கார வையுங்கள்.

கே: டிபனை பேப்பர் தட்டில் போட்டால் சம்பந்தி வீட்டார் தவறாக நினைப்பார்களா?
— அதே வாசகி

ப: நான் நினைப்பேன். இட்லி என்றாலும் இலையில் போடுங்கள், நுனி சாப்பிடுகிறவரின் இடக்கைப் பக்கம் வரட்டும். முகூர்த்த நாளில் இலை விலை ஏறும், கிடைக்காமலும் போகும். இரண்டு நாள் முன்பே ஐம்பது இலைக்குச் சொல்லி வையுங்கள்.

கே: எனக்குப் பதிவுத் திருமணம். சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து பன்னிரண்டு பேர் மதியம் வீட்டுக்கு வருகிறோம். எல்லாரும் அசைவம். எனக்குச் சமைக்கத் தெரியாது.
— ஒரு வாசகர், கோவை

ப: தெரியாதவர் கல்யாணத்தன்று கற்றுக்கொள்ள வேண்டாம். உங்களுக்குப் பிடித்த கடையில் பிரியாணி சொல்லிவிடுங்கள். இனிப்புக்குப் பால் பாயசம் மட்டும் வீட்டில் செய்யுங்கள், அதற்குச் சமையல் தெரிய வேண்டியதில்லை. பெரிய குக்கரில் இரண்டு லிட்டர் பாலைக் காய்ச்சி, கழுவிய பச்சரிசி நூறு கிராம் போட்டு மூடி, வெயிட் வைத்து, அடுப்பை இருப்பதிலேயே சின்னதாக்கி நாற்பது நிமிடம் விடுங்கள். ஆவி தானாக அடங்கட்டும். திறந்தால் பால் இளஞ்சிவப்பாக இருக்கும். முந்நூற்றைம்பது கிராம் சர்க்கரை போட்டு, பத்து நிமிடம் கொதிக்க விட்டு, ஏலக்காய் தட்டிப் போடுங்கள். அலுவலகம் கிளம்பும் முன்பே முடிந்துவிடும். குக்கர் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: விசேஷத்தில் இட்லியும் கேசரியும் மீந்தால்?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

ப: இட்லியை உதிர்த்துத் தாளித்து ராத்திரிக்கு உப்புமா. கேசரி மீந்து நான் பார்த்ததில்லை.