எட்டு வாரமா, எட்டு மாதமா?

கேள்வி: நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. வடிவமைப்புப் பிரிவில் வேலைக்குச் சேர ஆசை. எங்கள் கல்லூரியில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, விடுமுறையில் எட்டு வார இன்டர்ன்ஷிப். இன்னொன்று கோ-ஆப் திட்டம்: நான்கு மாதம் நிறுவனத்தில் வேலை, மறுபடி படிப்பு, மறுபடி நான்கு மாதம் வேலை. இதில் சேர்ந்தால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். "எங்கே போனாலும் ஜெராக்ஸ் எடுக்கத்தான் விடுவார்கள், சான்றிதழ் வந்தால் போதும்" என்கிறார்கள் சீனியர்கள். ஒரு வருடத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள். இதெல்லாம் உண்மையிலேயே வேலைக்குத் தயார்படுத்துமா? எதில் சேர்வது?

பதில்: நீங்கள் போக நினைப்பது வடிவமைப்புத் துறை என்பதால், கோ-ஆப் பக்கமே சாய்வேன். இரண்டாவது முறையும் வேலை கிடைக்க ஏற்பாடு இருக்கிறதா என்று மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். காரணத்தை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

வகுப்பில் ஒரு பிராக்கெட் (ஒரு பாகத்தைத் தாங்கிப் பிடிக்கும் துண்டு) வரைகிறீர்கள். போல்ட் அளவு சரி, சுமைக் கணக்கு சரி, மதிப்பெண் வந்துவிடும். அதே வரைபடம் பணிமனைக்குப் போனால், பாகங்களைப் பொருத்தும் ஃபிட்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதை எந்த ஸ்பானரால் முடுக்குவது?" என்று கேட்பார். போல்ட் துளையில் அழகாக உட்காரும். ஆனால் பக்கத்தில் இருக்கும் விளிம்பு இடிப்பதால் ஸ்பானரைத் திருப்ப இடம் இருக்காது. வரையும்போது திரையில் போல்ட் இருந்தது, ஸ்பானரும் அதைப் பிடிக்கும் கையும் இல்லை. அடுத்து வரைபடம் லேத் ஓட்டுபவரிடம் போகும். எல்லா அளவுகளுக்கும் ±0.01 மி.மீ. டாலரன்ஸ் (அளவு எவ்வளவு வரை கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) போட்டு வைத்திருப்பீர்கள், புதிதாக வரைபவர்கள் அநேகமாக எல்லோரும் செய்வது அது. "இதில் எது எதோடு பொருந்துகிறது?" என்று அவர் கேட்கும்போதுதான், பேரிங் (சுழலும் பாகத்தைத் தாங்கும் வளையம்) உட்காரும் துளைக்கு மட்டும் அந்தத் துல்லியம் வேண்டும், வெளி ஓரம் அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் பாதகமில்லை என்பது உறைக்கும். தேவையில்லாத இடத்தில் துல்லியம் கேட்டால், இயந்திர நேரமும் அளந்து பார்க்கும் நேரமும் ஏறி, செலவு எங்கேயோ போய் நிற்கும்.

இவை பாடப்புத்தகத்தில் இல்லாத ரகசியங்கள் ஒன்றும் இல்லை. ஆனால் கல்லூரியில் உங்கள் வரைபடத்தைப் பார்ப்பவர், உங்களுக்குத் தெரிகிறதா என்று சோதிக்கப் பார்க்கிறார். பணிமனையில் பார்ப்பவர் அதை வைத்து ஒரு பொருளைச் செய்தாக வேண்டும். தன் வேலையை நம்பி இன்னொருவர் வேலை செய்யப் போகிறார் என்ற நினைப்போடு வரையப் பழகுவதுதான் வேலைக்குத் தயாராவது. வேளைக்கு வருவது, மின்னஞ்சல் எழுதுவது, கூட்டத்தில் பேசுவது என்று பயிற்சிக் கையேடுகள் அடுக்குகிற மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

சரி, இதற்கு எட்டு வாரம் போதாதா? துறையைப் பொறுத்தது. மென்பொருள் என்றால் பெரும்பாலும் போதும். மூன்றாவது வாரத்தில் எழுதிய ஒரு சிறு மாற்றம் ஐந்தாவது வாரத்தில் பயனாளர்கள் கைக்குப் போய், ஆறாவது வாரத்தில் புகாராகத் திரும்பி வந்துவிடலாம். இயந்திர வடிவமைப்பில் அந்தச் சுற்று நீளமானது. முதல் வாரம் அடையாள அட்டை, கணினி அனுமதி, பாதுகாப்புப் பயிற்சி என்று கழியும். அந்த நிறுவனத்தின் வரைபட முறை பிடிபட இன்னும் ஓரிரு வாரம். அப்புறம் வரைந்து, மூத்தவர்கள் பார்த்துத் திருத்தி, பாகம் செய்யக் கொடுத்து, அது கைக்கு வந்து, பொருத்திச் சோதித்துப் பார்ப்பதற்குள் நீங்கள் கல்லூரிக்குத் திரும்பியிருப்பீர்கள். உங்கள் பிராக்கெட்டில் ஸ்பானர் நுழையாத விஷயம் உங்களுக்கு வந்து சேரவே சேராது. நான்கு மாதத்தில் இந்தச் சுற்று ஒரு தடவையாவது முடிய வாய்ப்பு உண்டு.

கோ-ஆப் முறையின் அசல் பலம் கால அளவில் மட்டும் இல்லை, திரும்பி வருவதில் இருக்கிறது. 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் இதைத் தொடங்கியபோது சேர்ந்தவர்கள் 27 மாணவர்கள். ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் தொழிற்சாலை என்று மாறி மாறிப் போனார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் உருவானதே இந்த முறையை வைத்துத்தான்; இன்று அங்கே நான்கு மாதப் படிப்பும் நான்கு மாத வேலையும் மாறி மாறி வருகின்றன. இடைவெளிகள் மாறினாலும், வேலையில் கண்டதோடு வகுப்புக்குத் திரும்பி, வகுப்பில் தெளிந்ததோடு மறுபடி வேலைக்குப் போவது என்ற அமைப்பு மாறவில்லை.

அதனால் என்ன லாபம் என்று கேட்டால், உடைந்த ஷாஃப்ட் (இயந்திரத்தில் சுழலும் தண்டு) ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சாவிப்பள்ளத்தின் (சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சாவித்துண்டுக்காக வெட்டிய பள்ளம்) கூர்மையான மூலையிலோ, விட்டம் சட்டென்று குறையும் இடத்திலோதான் விரிசல் தொடங்கியிருக்கும். உடைந்த முகத்தில், கடற்கரை மணலில் அலை விட்டுப்போன தடம் மாதிரி வரிவரியாகத் தெரியும். ஒவ்வொரு கட்டமாக விரிசல் முன்னேறியதன் அடையாளம் அது. இதைக் கையில் வைத்துப் பார்த்த மாணவி அடுத்த செமஸ்டரில் தகைவுக் குவிப்பு (உள்ளே எழும் அழுத்தம் ஓரிடத்தில் குவிவது), களைப்பு முறிவு (திரும்பத் திரும்ப வரும் சுமையால் உடைவது) என்ற அத்தியாயங்களைப் படிக்கும் விதமே வேறு. மூலையில் ஏன் சிறு வளைவு கொடுக்கச் சொல்கிறார்கள் என்று அவள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பட்டம் வாங்கிய பிறகு வேலையில் இதைக் கண்டிருந்தால், திரும்பிப் போய்க் கேட்க ஆசிரியரும் இல்லை, ஆற அமரப் படிக்க நேரமும் இல்லை. ஆகவே உங்கள் கல்லூரியின் திட்டத்தில் இரண்டாவது வேலைக்காலம் "கிடைத்தால் உண்டு" என்ற அளவில் இருந்தால், அதற்காக ஒரு வருடத்தைத் தள்ளிப்போட நான் சொல்ல மாட்டேன்.

ஜெராக்ஸ் கதைக்கு வருவோம். சீனியர்கள் சொல்வது பொய்யில்லை. யாருக்கும் நேரம் இல்லாத இடத்தில் மாணவர் போய் உட்கார்ந்தால் அதுதான் நடக்கும். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க, நேர்காணலின் முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள் இல்லையா, அங்கே இரண்டு கேள்வி போதும். என் வேலையை யார் பார்ப்பார், வாரத்தில் எத்தனை முறை? போன முறை வந்த மாணவர் என்ன செய்தார், அது இப்போது பயன்பாட்டில் இருக்கிறதா? முதல் கேள்விக்கு ஒரு மனிதரின் பெயர் வந்தால் நல்லது. "எல்லாத் துறைகளையும் சுற்றிப் பார்க்கலாம், நிறையக் கற்றுக்கொள்ளலாம்" என்று பொதுவாக இழுத்தால், அங்கே உங்களுக்கென்று வேலை எதுவும் யோசித்து வைக்கப்படவில்லை. ஊரறிந்த பெரிய நிறுவனத்தில் கேட்பாரற்று இருப்பதைவிட, பெயர் தெரியாத சிறிய இடத்தில் வாரம் இருமுறை வரைபடத்தில் சிவப்புக் கோடு போடும் ஒருவரிடம் மாட்டிக்கொள்வது மேல் என்பது என் கட்சி. நிறுவனத்தின் பெயர் உங்களை நேர்காணல் வரை கூட்டிப்போகும், உண்மைதான். அங்கே முதல் கேள்வியே "என்ன செய்தீர்கள்?" என்பதாக இருக்கும்.

இன்டர்ன்ஷிப் தருகிறேன், சான்றிதழ் தருகிறேன் என்று உங்களிடமே பணம் கேட்பவர்களை அப்படியே விட்டுவிடுங்கள். சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப் என்றால், அமெரிக்கத் தொழிலாளர் துறை 2018 முதல் பயன்படுத்தும் அளவுகோல் எந்த நாட்டிலும் யோசிக்க உதவும்: இந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயன்பெறுவது மாணவரா, நிறுவனமா? பயிற்சி படிப்போடு இணைந்திருக்கிறதா, மாணவர் செய்வது சம்பளம் வாங்கும் ஊழியரின் வேலைக்குத் துணையா அல்லது அவருக்கு மாற்றா என்பன போன்ற ஏழு அம்சங்களை அவர்கள் பார்க்கிறார்கள். மாற்றுதான் என்றால் அது வேலை. வேலைக்குச் சம்பளம் உண்டு. கோ-ஆப் இடங்களில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் எழாது, சம்பளத்தோடுதான் இருக்கும்.

உள்ளே போன பிறகு முதல் பத்து நாள் கொஞ்சம் சும்மா இருப்பது போலத்தான் தோன்றும். அந்த நேரத்தில் பழைய வரைபடங்களின் திருத்த வரலாற்றைப் படியுங்கள். மூலையில் சிறிய பட்டியலாக, எந்தத் தேதியில் எதை ஏன் மாற்றினார்கள் என்று இருக்கும். அந்த நிறுவனம் பட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் அங்கே ஒற்றை வரிகளில் கிடக்கிறது. சந்தேகம் வந்தால் அரை மணி நேரம் நீங்களே முட்டிப் பாருங்கள். தீராவிட்டால், எதையெல்லாம் முயன்றீர்கள் என்பதோடு போய்க் கேளுங்கள். நாள் முழுக்க மாட்டிக்கொண்டு மாலையில் "முடியவில்லை" என்பவரைவிட, பத்தரை மணிக்கே சரியான கேள்வியோடு வருபவரைத்தான் மேற்பார்வையாளர்களுக்குப் பிடிக்கும்.

தினமும் கிளம்பும் முன் மூன்று நான்கு வரி எழுதி வையுங்கள்: என்ன செய்தேன், யார் என்ன திருத்தினார், ஏன். பின்னால் ரெஸ்யூமில் "வடிவமைப்புக் குழுவுக்கு உதவினேன்" என்று சப்பென்று எழுதாமல், "பிராக்கெட்டை மாற்றி வரைந்ததில் பொருத்தும் வேலைக்கு ஒரு கருவி குறைந்தது" என்று எழுத அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும். ஆனால் வரைபடங்களையோ புகைப்படங்களையோ வெளியே கொண்டுபோகும் முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை.

வீட்டில் கேட்கும் கேள்வி நியாயமானது, மழுப்ப வேண்டாம். பட்டம் தள்ளிப்போகும் வருடத்தில் எட்டு மாதம் சம்பளத்தோடு வேலை பார்க்கிறீர்கள், மிச்சம் படிப்பு. எல்லா நிறுவனங்களும் இந்த எட்டு மாதத்தை முழு அனுபவமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சில எடுக்கும், சில எடுக்காது. ஆனால் கோ-ஆப் மாணவர்களை எடுக்கும் இடங்கள் அதை நீண்ட நேர்காணலாகவே பார்க்கின்றன. பிடித்துப்போனால் அங்கேயே வேலை தருவதும் சகஜம். நீங்களும் அவர்களை அப்படியே எடைபோடலாம். வடிவமைப்பு எனக்கு ஒத்துவராது, சோதனைக்கூடமோ உற்பத்தியோதான் பிடிக்கிறது என்று இப்போது தெரிவது, முதல் வேலையை ராஜினாமா செய்யும்போது தெரிவதைவிட மிகவும் மலிவு.

யாருக்கு எட்டு வாரமே சரி? மேற்படிப்பு, ஆராய்ச்சி என்று ஏற்கெனவே முடிவு செய்தவர்களுக்கு. அவர்கள் அந்த எட்டு வாரத்தை ஓர் ஆய்வகத்தில் செலவிடலாம். குடும்பச் சூழ்நிலையால் குறித்த தேதியில் பட்டம் முடித்தே ஆக வேண்டியவர்களுக்கும் அதுதான். எட்டு வாரம்தான் என்று ஆகிவிட்டால், பெரிய திட்டத்தின் ஓர் ஓரத்தைக் கேட்காமல், தொடங்கி முடிக்கக்கூடிய சின்ன வேலையாகக் கேளுங்கள்: ஒரு ஃபிக்ஸ்சர் (வேலை நடக்கும்போது பாகத்தை அசையாமல் பிடிக்கும் அமைப்பு), ஒரு சோதனை அறிக்கை. கல்லூரிக்குத் திரும்பிய பிறகும் மேற்பார்வையாளருக்கு எழுதி, அந்தப் பாகம் என்ன ஆனது என்று விசாரியுங்கள்.

படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கல்லூரி அலுவலகத்தில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் நான்காம் ஆண்டுப் பாடங்களில் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் நடக்கும் பாடம் எது? அது உங்கள் வேலைக்காலத்தில் வந்து விழுந்தால், அதை முடித்த பிறகே எடுக்கக்கூடிய பாடங்களும் சேர்ந்து தள்ளிப்போய், ஒரு வருடத் தாமதம் ஒன்றரை வருடமாகிவிடும். உதவித்தொகையோ கல்விக்கடனோ வாங்கியிருந்தால், வேலைக்காலத்திலும் உங்களை முழுநேர மாணவியாகத்தான் பதிவில் காட்டுவார்களா என்பதையும் அதே நாளில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.