அமெரிக்காவில் படிக்கும் மகள், வரிக் கணக்கு எந்த நாட்டில்?

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். மகள் 2025 ஆகஸ்ட் 10-ம் தேதி எம்.எஸ். படிக்க டெக்சாஸ் போனாள், எஃப்-1 விசாவில். செப்டம்பரிலிருந்து அங்கே நூலகத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கிறாள். மணிக்கு 12 டாலர். ‘ஃபாரம் 8843 அனுப்ப வேண்டும்’ என்று யுனிவர்சிட்டியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. கூடப் படிப்பவர்கள் ‘நமக்கு வரியே வராது, விட்டுவிடு’ என்கிறார்களாம். அங்கே கணக்குக் கொடுக்க வேண்டுமா, இங்கேயுமா? ஃபீஸுக்கு 14 லட்சம் அனுப்பியபோது பேங்கில் 20,000 ரூபாய் பிடித்தார்கள். அது போனதுதானா?

பதில்: போகவில்லை ஐயா. அது பேங்க் கமிஷன் கிடையாது, டி.சி.எஸ்., அதாவது பணம் அனுப்பும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி. ஒரு நிதியாண்டில் ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் முதல் 10 லட்சத்துக்குப் பிடித்தம் இல்லை. இது 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள வரம்பு. நீங்கள் அனுப்பியபோது, சொந்தப் பணத்தில் படிப்புக்காக அனுப்பினால் 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 5 சதவீதம். உங்களுக்கு மீதி 4 லட்சம், அதற்கு 20,000. உங்கள் பான் எண்ணில் 26ஏ.எஸ். என்ற வரிப் பிடித்த விவரத் தாளை எடுத்துப் பாருங்கள், வரவில் நிற்கும். உங்கள் ரிட்டர்னில் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். அதே பணம் பேங்க் கல்விக் கடனிலிருந்து போயிருந்தால் இந்தப் பிடித்தமே வந்திருக்காது. அடுத்த வருட ஃபீஸுக்கு இதை மனதில் வையுங்கள்.

இனி மகளின் கணக்கு. கூடப் படிக்கும் பிள்ளைகள் சொன்னதில் பாதி சரி. வரி வராது. ஆனால் கணக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

எஃப்-1 விசாவில் போனவர் முதல் ஐந்து காலண்டர் வருடங்களுக்கு, வரிச் சட்டப்படி அமெரிக்காவில் ‘வசிக்காதவர்’. ஆகஸ்டில் போய் இறங்கினாலும் 2025 முழு வருடமாகவே எண்ணப்படும். அப்படியானால் 2029 வரை. எந்தெந்த வருடம் எத்தனை நாள் அங்கே இருந்தார், எந்தக் கல்வி நிறுவனம் என்று எழுதிக் கொடுப்பதுதான் ஃபாரம் 8843. ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காத மாணவரும் மறு வருடம் ஜூன் 15-க்குள் அதில் கையெழுத்துப் போட்டு ஆஸ்டினில் உள்ள அமெரிக்க வரித் துறைக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். உங்கள் மகளுக்குச் சம்பளம் இருப்பதால் 1040-என்ஆர் என்ற ரிட்டர்னோடு இதையும் சேர்த்து, ஏப்ரல் 15-க்குள் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 15 வாரம் வேலை பார்த்தார் என்றால் சம்பளம் 3,600 டாலர். இந்திய மாணவர்களுக்கு இங்கே நல்ல சலுகை ஒன்று உண்டு. இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவின்படி, வருமானத்தில் ஒரு தொகையை வரி இல்லாமல் கழித்துக்கொள்ளும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடைக்கும். மற்ற நாட்டு மாணவர்கள் பெரும்பாலோருக்கு இது இல்லை. 2025-க்கு அது 15,750 டாலர். ஆகவே வரி பூஜ்யம். சம்பளத்தில் பிடித்த வரி இருந்தால் முழுக்க ரீஃபண்ட் வரும், ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் வரும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, அந்த வேலை மிச்சம்.

சம்பளம் கொடுத்தவர்கள் டபிள்யூ-2 என்று ஒரு தாள் தந்திருப்பார்கள். அதில் 4, 6 எண் கட்டங்களை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நாட்டு ஓய்வூதிய, மருத்துவத் திட்டங்களுக்கான சோஷியல் செக்யூரிட்டி 6.2 சதவீதம், மெடிகேர் 1.45 சதவீதம் பிடித்திருந்தால் அங்கே எழுதியிருக்கும். எஃப்-1 மாணவருக்கு இந்த இரண்டு கட்டமும் காலியாக இருக்க வேண்டும். 3,600 டாலருக்கு இது 275 டாலர், சின்னத் தொகை இல்லை. பிடித்திருந்தால் முதலில் சம்பளம் கொடுத்தவர்களிடம் கேட்க வேண்டும். அங்கே ஆகவில்லை என்றால் ஃபாரம் 843 போட்டு அமெரிக்க வரித் துறையிடம் திருப்பிக் கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கை. திருநகரிலிருந்து ஒரு அம்மா மகனின் ரிட்டர்னைக் கொண்டுவந்து காட்டினார். நண்பர்கள் சொன்ன இலவச மென்பொருளில், அமெரிக்காவில் வசிப்பவர்கள் போடும் 1040-ஐப் போட்டுவிட்டான். கல்விச் சலுகை என்று 1,000 டாலர் ரீஃபண்டும் வந்துவிட்டது. அந்தச் சலுகை அவனுக்கு உரியதே இல்லை. 1040-எக்ஸ் என்ற திருத்த ரிட்டர்னைப் போட்டு, வட்டியோடு திருப்பிக் கட்டினார்கள். அதனால் 1040-என்ஆர் போடத் தெரிந்த மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்கு அதை இலவசமாகவே தருகின்றன. இன்டர்நேஷனல் ஆபீஸில் கேட்டால் போதும்.

அப்புறம் நம்ம ஊர்க் கணக்கு. இங்கேதான் பெரும்பாலான பெற்றோர் கோட்டைவிடுகிறார்கள். மகள் 2025 ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 10 வரை 132 நாள் இந்தியாவில் இருந்திருக்கிறார். வேலைக்கு என்று வெளிநாடு போகிறவருக்குத்தான் 182 நாள் வரம்பு. படிக்கப் போகிறவருக்கு அந்தச் சலுகையைச் சட்டம் சொல்லவில்லை. முந்தைய நான்கு வருடங்களில் 365 நாள் இங்கே இருந்தவருக்கு 60 நாளே போதும். ஆக 2025-26 நிதியாண்டுக்கு அவர் இந்தியாவில் வசிப்பவர்தான். நூலகச் சம்பளமும் இங்கே கணக்கில் வரும், மார்ச் 31 வரை. 5,500 டாலர் வந்திருந்தாலே ரூபாயில் 4 லட்சத்தைத் தாண்டும், ரிட்டர்ன் கட்டாயமாகும். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி வராது.

சம்பளமே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட வேண்டும், ஏனென்றால் அங்கே பேங்க் அக்கவுன்ட் திறந்திருக்கிறார். அதை ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான ஷெட்யூல் எஃப்.ஏ. பகுதியில் காட்ட வேண்டும். ஐ.டி.ஆர்.-1 என்ற ரிட்டர்ன் படிவம் இதற்கு ஆகாது, ஐ.டி.ஆர்.-2 தான். காட்டாவிட்டால் 10 லட்சம் அபராதம் என்று சட்டம் இருக்கிறது. வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் 1 முதல் அந்த அபராதம் இல்லை. அதற்காகக் காட்டாமல் விடாதீர்கள்.

2026-27-இல் லீவுக்கு மட்டும் வந்து போனால் அவர் இங்கே வசிக்காதவர். அமெரிக்கச் சம்பளம் இங்கே வராது. அவர் பெயரில் மதுரையில் இருக்கும் எஸ்.பி. அக்கவுன்ட்டை வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. அக்கவுன்ட்டாக மாற்றச் சொல்லி பேங்கில் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. இங்கே ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும். அதற்கான ஓ.டி.பி. ஆதாரில் உள்ள அவருடைய பழைய செல் நம்பருக்குத்தான் வரும். அந்த சிம் உங்கள் வீட்டு மேஜை டிராயரில் கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரீசார்ஜ் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.