மாத்திரை அட்டையும் இன்லேண்டு கடிதமும்

நாங்கள் பன்னிரண்டு பேர். பாளையங்கோட்டையில் ஒன்றாகப் படித்து, பிறகு பேட்டை, வள்ளியூர், அம்பாசமுத்திரம், களக்காடு என்று ஆளுக்கொரு பக்கமாகப் போனவர்கள். மாதம் ஒரு கடிதமாவது எழுதிக்கொள்வது இன்றைக்கும் விட்டுப்போகாத பழக்கம். முன்பெல்லாம் பேரப்பிள்ளை, குத்தாலத்துச் சாரல், படித்த புத்தகம் என்று கடிதம் தொடங்கும். இப்போது பாதிக் கடிதங்கள் மாத்திரையில்தான் தொடங்குகின்றன. அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் 31 வருஷம் நின்றவள் நான். அதனால் எல்லாக் கேள்வியும் எனக்கே வருகின்றன. ஒருவர் கேட்டது மற்றவருக்கும் உதவும் என்று இந்தத் தடவை மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். எந்த மருந்து வேண்டும் என்று சொல்வது டாக்டர் வேலை. அதை எப்படிப் போட வேண்டும், எப்படி வைக்க வேண்டும், எதோடு சேராது என்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

அம்பாசமுத்திரத்திலிருந்து: அக்கா, காலையில் தைராய்டு மாத்திரை, சாப்பிட்டதும் பிரஷர் மாத்திரை, ராத்திரி கொழுப்பு மாத்திரை. மாத்திரை இல்லாமல் ஒரு நாளை ஓட்ட முடியாத ஆளாகிவிட்டேன். இதுவும் ஒரு அடிமைத்தனம்தானே? சீசனுக்குக் குத்தாலம் போகிற மூன்று நாளாவது நிறுத்திப் பார்க்கட்டுமா?

நிறுத்த வேண்டாம் தம்பி. அதைவிட, அந்த "அடிமை" என்ற சொல்லை முதலில் விடுங்கள். உங்கள் கழுத்திலிருக்கும் சுரப்பி போதுமான அளவு சுரக்கவில்லை. அது சுரக்க வேண்டிய அதே பொருளைத்தான் மாத்திரையாகப் போடுகிறீர்கள். கண்ணாடி போட்டுப் படிப்பவரைக் கண்ணாடிக்கு அடிமை என்றா சொல்வோம்? பிரஷர் இப்போது சரியாக இருக்கிறதே என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை போடுவதால்தான் சரியாக இருக்கிறது. அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் படபடப்பும் நெஞ்சுவலியும்கூட வரும். அடிமை என்பது வேறு. நேற்று ஒன்று போதும், இன்றைக்கு இரண்டு வேண்டும் என்று அளவு ஏறிக்கொண்டே போவது, மனசு அதையே தேடுவது. அது அடுத்த கேள்வியில் வருகிறது.

குத்தாலத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தைராய்டு மாத்திரையைத் தலைமாட்டில் தண்ணீர்ப் பாட்டிலோடு வைத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். காபி மாத்திரையை முழுசாகச் சேரவிடாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். பயணத்தில் தைராய்டு மாத்திரை ஒரு வேளை தவறினால் பதற வேண்டாம், அது உடம்பில் பல நாள் தங்கும். அருவிக்குப் போனதும் நேராகப் போய்த் தலையைக் கொடுக்காதீர்கள். சில்லென்ற தண்ணீர் சட்டென்று பிரஷரை ஏற்றும். கை காலை நனைத்து, தோளில் ஊற்றி, அப்புறம் போங்கள்.

வள்ளியூர் அண்ணாச்சி: தங்கச்சி, எட்டு வருஷமாக ராத்திரி அல்பிரசோலம் போடுகிறேன். முதலில் கால் மில்லிகிராம், இப்போது ஒன்று. அது இல்லாவிட்டால் விடிய விடிய விழித்துக் கிடக்கிறேன். போன வாரம் கோபத்தில் அட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். இரண்டாம் நாள் கை நடுங்கிவிட்டது. திரும்ப வாங்கிவிட்டேன்.

அண்ணாச்சி, திரும்ப வாங்கியது தப்பே இல்லை. தூக்கிப் போட்டதுதான் ஆபத்து. வருஷக்கணக்காகப் போட்ட இந்த வகை மாத்திரையை ஒரே நாளில் விட்டால் நடுக்கம், வியர்வை, அதற்கு மேல் வலிப்புகூட வரலாம். உங்கள் மனவலிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூளை அந்த மருந்துக்குப் பழகிவிட்டது, பழக்கத்தை விடவும் அதற்கு அவகாசம் வேண்டும். டாக்டரிடம் "இதை விட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வாரங்கள் ஆகும், எட்டு வருஷப் பழக்கத்துக்கு மாதங்களே ஆகலாம். நடுவில் இரண்டு ராத்திரி தூக்கம் கெடும், அதைப் பார்த்துப் பழைய அளவுக்குப் போய்விடக் கூடாது.

பெட்டியில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட்டிருப்பதைக் கவனித்தீர்களா? 2014 மார்ச் முதல் இது எச்1 அட்டவணை மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. கடைக்காரர் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் தெரிந்த முகத்துக்குக் கொடுக்கும் கடை உங்களுக்கு நல்லது செய்யவில்லை. நம் வயதில் இன்னொரு பயமும் உண்டு. ராத்திரி ஒன்றுக்குப் போக எழும்போது கிறுகிறுப்பில் விழுந்து இடுப்பு எலும்பு உடைகிறவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

ராத்திரி செல்போனில் படிக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அச்சுப் புத்தகத்துக்குத் திரும்புங்கள். மூன்று மணிக்கு மேல் காபி வேண்டாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். அளவு குறைகிற ஒவ்வொரு வாரமும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். நான் பதில் போடுவேன்.

களக்காட்டிலிருந்து: சுகர் இருப்பதாகச் சொல்லி மாத்திரை தொடங்கி மூன்று வாரம். புத்தகத்தைத் திறந்தால் எழுத்து கலங்குகிறது. புதுக் கண்ணாடி எழுதி வாங்கட்டுமா?

பொறுங்கள். சுகர் மிக உயர்ந்திருக்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸிலும் நீர்ச்சமநிலை மாறும். மருந்தால் சர்க்கரை இறங்கும்போது அது மறுபடி மாறும். அந்தச் சமயத்தில் அளந்து வாங்கிய கண்ணாடி இரண்டு மாதத்தில் உதவாமல் போகும். சுகர் ஒரு நிலைக்கு வந்து நாலைந்து வாரம் ஆனபின் கண்ணாடிக்கு அளவு எடுங்கள். ஆனால் விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள், அது இப்போதே வேண்டும். திடீரென்று ஒரு கண் மறைத்தாலோ கறுப்புப் பொட்டுகள் மிதந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். அதுவரை பெரிய எழுத்துப் புத்தகம் ஏதாவது பார்த்து அனுப்புகிறேன்.

பேட்டையிலிருந்து: இரண்டு டாக்டர், இரண்டு சீட்டு. எது எதற்கு என்றே குழம்புகிறது.

எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு ஒரு டாக்டர் பிரஷருக்கு எழுதினார். ஆறு மாதம் கழித்து வேறொரு டாக்டர் வேறு பெயரில் எழுதினார். அம்மா இரண்டையும் போட்டார். கால் இரண்டும் வீங்கிவிட்டன. அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் இரண்டு பெயர், கீழே பொடி எழுத்தில் இரண்டிலும் ஒரே மருந்து, அம்லோடிபின். மருந்து ஜன்னலில் நின்ற எனக்கே அது மூன்று வாரம் தெரியாமல் போயிற்று. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஆகவே கொட்டை எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை நம்பாதீர்கள், பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். இன்னொன்று, கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது காலாவதித் தேதி அச்சடித்த முனை பல நேரம் கடையிலேயே தங்கிவிடும். தேதியைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வாங்குங்கள்.

வீரவநல்லூரிலிருந்து: காசிக்குப் போகிறோம், இன்சுலின் போடுகிறேன். ரயிலில் ஐஸ் பெட்டி வேண்டுமா? ஊரிலும் அடிக்கடி கரண்டு போகிறது.

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். திறந்து போட்டுக்கொண்டிருப்பதை வெயில் படாத, 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் பெரும்பாலும் நாலு வாரம் வைக்கலாம். உங்கள் இன்சுலினுக்கு எத்தனை நாள் என்று உள்ளே இருக்கும் தாளில் பாருங்கள். நம்மூர்ச் சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டும். அதற்கு மண்பானைதான் வழி. பெரிய பானையில் ஈர மணல் போட்டு, நடுவே சின்னக் கலயத்தை இறக்கி, அதற்குள் பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள். மணல் காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். வெளியில் இருப்பதைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கும். ரயிலில் ஐஸ் கட்டி இன்சுலினைத் தொடக் கூடாது. ஒரு தடவை உறைந்தால் உருகினாலும் அது உதவாது, தூக்கிப் போட வேண்டியதுதான். மருந்தைப் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். பாதியை உங்கள் வீட்டுக்காரர் பையிலும் போட்டுவையுங்கள்.

மேலப்பாளையத்திலிருந்து: லீவுக்கு மகனைப் பார்க்கத் துபாய் போகிறேன். முதுகுவலிக்கு டிராமடால் போடுகிறேன். கொண்டுபோகலாமா?

பாய், முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோகவே வேண்டாம். அங்கே டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை எல்லாம் கட்டுப்பாட்டில் உள்ளவை. அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் அனுமதியைப் புறப்படும் முன்பே வாங்க வேண்டும். வலிக்கு வேறு மாத்திரை போதுமா என்று டாக்டரை இப்போதே கேளுங்கள்.

ஏர்வாடியிலிருந்து: கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் திருச்செந்தூரில் விரதம் இருப்பேன். சுகர் மாத்திரையை வழக்கம்போலப் போடலாமா?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. மெட்பார்மின் மட்டும் என்றால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும் பயம் குறைவு. கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் கட்டாயம் ஆபத்து. ஐப்பசி பிறக்கும் முன்பே டாக்டரைப் பார்த்து அளவை மாற்றி எழுதி வாங்குங்கள். கூட்டத்தில் நிற்கும்போது குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் அது பக்திப் பரவசம் என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். முருகன் கோபிக்க மாட்டான்.

சுத்தமல்லியிலிருந்து: என் மகனுக்கு டிபி. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டது, எடையும் கூடியிருக்கிறது. சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று பயந்து மாத்திரையை விட்டுவிடவா என்கிறான்.

விடக் கூடாது அக்கா, ஒரு நாள்கூட. சிவப்பு நிறம் ரிபாம்பிசின் மருந்தின் நிறம், ரத்தமல்ல. ஆனால் கண் மஞ்சளித்தாலோ சாப்பாடு பிடிக்காமல் வாந்தி வந்தாலோ உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று மருந்து. பாதியில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு மசியாததாகத் திரும்பும். நம்ம திருநெல்வேலிப் புதுமைப்பித்தன் 1948இல், 42 வயதில் இதே நோயில்தான் போனார். அந்த நோயை வெல்லும் முதல் மருந்து அப்போதுதான் உலகத்தில் தலைகாட்டியிருந்தது. அவர் கைக்கு எட்டாத மருந்து இன்றைக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாயும் தருகிறார்கள். இதை அவனிடம் படித்துக் காட்டுங்கள். வாசிக்கிற பையன், புரிந்துகொள்வான்.

பாளையங்கோட்டையிலிருந்து: தொண்டைக் கமறலுக்கு அதிமதுரப் பொடி ஆறு மாதமாகச் சாப்பிடுகிறேன். நாட்டு மருந்துதானே, பிரஷர் மாத்திரையோடு சேரும் அல்லவா?

சேராது. அதிமதுரம் அதிக நாள் உள்ளே போனால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். உங்கள் பிரஷர் அடங்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். 1964 முதல் நம் ஊரிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமாக அரைத்துச் சாப்பிடுவதைவிட அங்கே போய், போடுகிற மாத்திரைகளையும் காட்டிக் கேட்பது நல்லது.

பேட்டையிலிருந்து மறுபடியும்: களக்காட்டுச் சிநேகிதி கடிதம் மூன்று மாதமாக ஒரு மாதிரி இருக்கிறது. எழுத்து பொடியாகிக்கொண்டே வருகிறது. உடம்புக்கு ஏதும் உண்டா?

நீங்கள் கவனித்தது பெரிய விஷயம். நானும் அவளுடைய இரண்டு கடிதங்களை எடுத்து மேசையில் விரித்தேன். தை மாதக் கடிதத்தில் 'ழ'வின் வால் அடுத்த வரியைத் தொடும் அளவுக்கு இறங்கியிருக்கிறது, அவள் எழுத்தின் அழகே அதுதான். ஆனியில் வந்ததில் வரி தொடங்கும்போது சரியாக இருக்கும் எழுத்து, ஓரத்துக்குப் போகப் போகச் சுருங்கி எறும்பு மாதிரி ஆகிவிடுகிறது. கண்ணுக்கும் சுகருக்கும் இதில் வேலையில்லை. கண் மங்கினால் எழுத்து பெரும்பாலும் பெரிதாகத்தான் ஆகும்.

அவளைக் கூப்பிட்டு, என்னென்ன மருந்து என்று அட்டை அட்டையாக வாசிக்கச் சொன்னேன். சுகர் மாத்திரையோடு, கிறுகிறுப்புக்கு சின்னாரிசின். டாக்டர் பத்து நாளைக்கு எழுதியது. பழைய சீட்டைக் காட்டி ஒன்றரை வருஷமாக வாங்கிக்கொண்டிருக்கிறாள். நம் வயதில் அந்த மாத்திரையை நெடுநாள் போட்டால் நடை மெதுவாகும், கை நடுங்கும், முகம் இறுகும், எழுத்து சிறுக்கும். நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) மாதிரியே இருக்கும். மருந்துதான் காரணம் என்றால், டாக்டர் சொல்லி நிறுத்தினால் சில மாதங்களில் பெரும்பாலும் தெளியும். நோயே தொடங்கியிருந்தால் அதற்கு வேறு மருந்து உண்டு. இரண்டில் எது என்பதை நரம்பியல் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இதை எல்லோருக்கும் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுது, வேறு யாராவது இப்படி வாங்கிக்கொண்டிருப்பார்கள்" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப் போகிறேன். நீங்களும் வாருங்கள். அட்டைகளையெல்லாம் அவள் மஞ்சள் பையில் எடுத்து வருவாள். உங்களிடம் அவளுடைய பழைய கடிதங்கள் இருந்தால் கொண்டுவாருங்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தினது ஒன்று கிடைத்தால் டாக்டரிடம் காட்ட நல்லது.